காசு கொடுத்துப் போகும் காம்ப்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கும் தேநீருக்கும் இடைப்பட்ட நேரத்தில், எனக்கு ஐரோப்பாவிலிருந்து மூன்று அனுதாப அழைப்புகள் வந்தன.

யாரும் சாகவில்லை. நான் உட்பட.

முதலாவது பாரிசிலிருந்து. என் மனைவி பவானியின் பெரியப்பா மகன். "மச்சான், கேள்விப்பட்டன். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நாங்கள் இருக்கிறம்."

இரண்டாவது சுவிசிலிருந்து, ஒன்றுவிட்ட தங்கை. "அண்ணை, ஜேர்மனியிலை இப்ப சரியான இறுக்கம். நேரா இஞ்சை வாங்கோ. நல்ல லோயர் ஒராள் இருக்கிறார். அதுவரைக்கும் எயார்போட்டிலை வாயே திறக்காதேங்கோ!"

வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்பது இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும். அதனால்தான் இரண்டு தரம் சொன்னாள்.

மூன்றாவது இலண்டன் அன்ரி. அவ பேசவில்லை. அழுதா. நடுவில் ஒரே ஒரு வசனம்தான். "கனடாக்காரங்கள் இப்பிடிச் செய்வாங்களெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லைத் தம்பி..."

கனடாக்காரர் அப்படி என்ன செய்துவிட்டார்கள்? எனக்கே தெரியவில்லை. ஆனாலும் அழுகிற மனுசியிடம் குறுக்குக் கேள்வி கேட்கலாமா? "ஓம் அன்ரி, ஓம்" என்று சொல்லிவைத்தேன்.

விடயம் விளங்க வேண்டுமென்றால், அதற்கு முதல் நாள் சனிக்கிழமைக்குப் போகவேண்டும்.

இந்த ஆகஸ்டில் கனடாவிலிருந்து குடும்பத்தோடு ஐரோப்பா போவதாக இருக்கிறோம். இந்த யோசனை என்னுடையது அல்ல. என்னோடு வேலை செய்யும் டக் என்ற வெள்ளைக்காரருடையது. விட்பியிலிருந்து தினமும் ஒரு மணித்தியாலம் கார் ஓட்டி வேலைக்கு வந்துவிட்டு, விடுமுறை கிடைத்தால் ஓய்வெடுப்பதற்காக இன்னும் பத்து மணித்தியாலம் ஓட்டுகிற மனுசன். மூன்று வருடங்களுக்கு முன்பு வாடகைக் காரும் கூடாரமுமாக ஆறு நாடுகளைச் சுற்றிவிட்டு வந்தவர். அவருக்கு முடிந்தால் எனக்கு ஏன் முடியாது? போன கோடையில் அல்கோன்குயின் காட்டில் இரண்டு இரவு படுத்து எழும்பி, நுளம்புகளுக்குப் போக மிச்ச இரத்தத்தோடு மார்க்கம் நகரத்து வீட்டுக்குத் திரும்பியவன் நான்.

திட்டமிடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. செயற்படுத்துவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. நூலகத்திலிருந்து ஐரோப்பியக் கூடாரத் தளங்கள் பற்றிய செங்கல் கனமான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, நான்கு நிற மார்க்கர்களால் கோடு போட்டேன். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, பெல்ஜியம், லக்சம்பேர்க், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ். மூன்று வாரம். இரண்டு வாரமாக நாங்கள் மடியில் தட்டு வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

இந்த நாடுகளுக்கிடையில் இப்போது பாஸ்போர்ட் கேட்பதில்லையாம். டக் இதை நல்ல செய்தியாகச் சொன்னார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஏழு வருடம் காத்திருந்து எடுத்த கனடியப் பாஸ்போர்ட். யாரும் கேட்காவிட்டால் நான் எப்படிக் காட்டுவது?

பதினான்கு வயது மகளுக்கு வேறு கேள்வி.

"அப்பா, எல்லாக் கன்ட்ரியிலையும் எங்களுக்குக் கசின்ஸ் இருக்கினம். பிறகேன் நிலத்திலை ஸ்லீப் பண்ணுறம்? சீரியஸ்லி?"

நியாயமான கேள்வி. ஆனால் சொந்தக்காரர் வீட்டில் தங்கி எந்த நாட்டையாவது பார்த்தவர் உண்டா? கலியாண வீடியோதான் பார்க்கலாம். மணவறையில் ஒரு மணித்தியாலம், சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு மணித்தியாலம். பிறகு பூப்புனித நீராட்டு விழா, பாகம் ஒன்று, பாகம் இரண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு கோபுரம் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

உண்மையான காரணம் வேறு. அது பவானியின் தம்பி குகன்.

பவானி அவனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது தென் ஜேர்மனியில் ஒரு சிறு நகரத்தில், உணவகச் சமையலறையில் வேலை. உணவகத்துக்கு மேலே ஒரே ஒரு அறை, அதில் அவனோடு இன்னும் இரண்டு பேர். அந்த அறையில் நாங்கள் நால்வரும் நிற்கலாம். வரிசையாக நின்றால். அதனால்தான் அவனுடைய நகரத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் ஒரு கூடாரத் தளம் கண்டுபிடித்தேன். அவன் நாலு நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தால் அக்காவும் தம்பியும் ஒன்றாக இருக்கலாம். எனக்கே என்மேல் மரியாதை வந்த தருணம் அது.

சனிக்கிழமை மத்தியானம், போன் கார்டைச் சுரண்டி அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். லைனில் எதிரொலி. நான் சொன்னது எனக்கே இரண்டு தரம் கேட்டது.

"குகன், ஆகஸ்டிலை குடும்பமா வாறம். உம்மடை இடத்துக்குப் பக்கத்திலை ஒரு காம்ப் இருக்கு. அங்கைதான் நிக்கப்போறம்."

"பிள்ளையளுமோ அத்தான்?"

"பின்னை? பிள்ளையளும்தான்."

"அக்கா ஓமெண்டிட்டாவோ?"

"அவதான் முதல் ஓமெண்டது!"

"எத்தினை நாளைக்கு விடுவாங்களாம்?"

"நாலு நாள் கேட்டிருக்கிறன். பேந்து சுவிஸுக்குப் போறம். அங்கையும் காம்ப்தான்."

"அத்தான்... மனசைத் தளரவிடாதேங்கோ" என்றான்.

மூன்று வாரக் கார் ஓட்டத்தைச் சொல்கிறான் என்று நினைத்து, "எனக்கென்ன, நான் ஸ்ரோங்கா இருக்கிறன்" என்றேன்.

காம்ப் என்றால் நம்மவருக்கு என்ன? ஊரில் அது ஆமி இருக்கிற இடம். ஐரோப்பாவில் அசூல் அடித்தவர்களை, அதாவது அகதித் தஞ்சம் கேட்டவர்களை, கொண்டுபோய் வைக்கிற இடம். அந்தக் காம்ப்பில் குகன் இருந்தது ஐந்து வருடம். அவனுடைய காதில் விழுந்தது இதுதான்: கனடா எங்களை நிராகரித்துவிட்டது. பிள்ளைகுட்டிகளோடு ஜேர்மனிக்கு அசூல் அடிக்க வருகிறோம். அது சரிவராவிட்டால் சுவிஸ்!

அன்று மாலைக்குள் செய்தி எல்லைகளைக் கடந்துவிட்டது. பாஸ்போர்ட் அதனிடமும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் பவானி ஒவ்வொருவராக எடுத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, நான் பின்வளவில் புதுக் கூடாரத்தை அடித்துப் பழகினேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சிவபாதம் அண்ணையின் தலை தெரிந்தது.

"என்ன ஐசே, பேஸ்மென்ட் குடுத்தது காணாதெண்டு மேல்வீட்டையும் வாடகைக்கு விட்டிட்டீரோ?"

"இல்லை அண்ணை. ஐரோப்பாவுக்குப் போறம்."

"இதிலையோ?"

கூடாரம் அந்த நேரம் பார்த்து ஒரு பக்கமாகச் சரிந்தது. அண்ணை பெருந்தன்மையோடு தலையை இறக்கிக்கொண்டார்.

உள்ளே வந்தால் பவானி தொலைபேசியை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்தாள். பாரிஸ், சுவிஸ், இலண்டன் மூன்றும் ஆறுதல் அடைந்துவிட்டன. அடைந்த கையோடு கோபித்தும் விட்டன. எங்கள் வீடு இருக்க நிலத்தில் படுப்பதா, ஆக்கள் என்ன கதைப்பினம்? அதை விடுங்கள். கோபம் கோழிக்கறியோடு தீரும். குகனுடைய பதில்தான் வேறு.

"அவன் வரமாட்டானாம்" என்றாள். "காம்ப் வாசலை இனி மிதிக்கிறதில்லையெண்டு வெளிக்கிட்ட அண்டைக்கு முடிவெடுத்தவனாம். ஒருநாள் மத்தியானம் தன்ரை கடைக்கு வந்து சாப்பிட்டிட்டுப் போகட்டாம்."

"அவனுக்கு விளங்கேல்லை. நான் கதைக்கிறன்."

"இஞ்சாருங்கோ, ஒருநாள் சாப்பிட்டிட்டு வாறதுக்கு எனக்கு ஐரோப்பா வேண்டாம். பன்னிரண்டு வரியத்துக்கு ஒரு மத்தியானமோ? நீங்கள் பிள்ளையளோடை போட்டு வாங்கோ."

நான்கு நிறக் கோடுகளும் மேசையில் அப்படியே கிடந்தன.

எனக்கு என் வாதத் திறமையில் அசையாத நம்பிக்கை. செங்கல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தொலைபேசி எடுத்தேன். "குகன், இது அந்தக் காம்ப் இல்லை. ஹொலிடே. புத்தகத்திலை என்ன போட்டிருக்கெண்டு வாசிக்கிறன், கேளும்" என்று ஆரம்பித்தேன்.

முதலே வாசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆற்றங்கரை, அமைதியான சூழல்... வந்தவுடன் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்..."

"ம்."

"பொதுச் சமையலறை. பொதுக் குளியலறை. சுடுதண்ணீருக்கு டோக்கன்..."

"ம்."

"இரவு பத்து மணிக்கு வாசற்கதவு பூட்டப்படும். வெளியாட்கள் முன்னரே பெயர் பதிய வேண்டும்..."

"அத்தான், எங்களுக்குச் சுடுதண்ணிக்கு டோக்கன் இல்லை" என்றான் குகன். "மற்றதெல்லாம் அதேதான். இதுக்கு நீங்கள் காசு குடுக்கிறியளோ?"

டக்கிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கலாம். அவருடைய பரம்பரையில் யாரையும் பிடித்து ஒரு காம்ப்பில் போட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு அது ஒரு விடுமுறை. விரும்பி மழையில் படுப்பதற்கு, முதலில் விரும்பாமல் படுத்திருக்கக் கூடாது போலும்.

பவானி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

அவள் வாதாடவில்லை. "அங்கை எப்பிடியடா இருந்தது?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஐந்து வருடமும் அவன் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் 'நான் நல்ல சுகம்' என்றுதான் இருந்தது. நாங்களும் நம்பிவிட்டோம். நம்புவது வசதியாகவும் இருந்தது.

அவன் சொல்லச் சொல்ல, என் பக்கத்துக்குப் பவானியின் 'ஓம்' மட்டும்தான் கேட்டது. ஓம்... ஓம்... ஓமடா... சொல்லு. பிள்ளைகள் தொலைக்காட்சியின் சத்தத்தைத் தாங்களாகவே குறைத்தார்கள். அவள் பின்னர் எனக்குச் சொன்னது கொஞ்சம்தான். கட்டிலோ சாப்பாடோ அவனுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லையாம். அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று சட்டம். முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கூட்டாளியின் கலியாணம். அனுமதி கேட்டு எழுதினான். அனுமதி வந்தது, மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகு.

அரை மணித்தியாலம் கழித்து, பவானி அவனிடம் ஒரேயொரு விடயம் சொன்னாள்.

"இஞ்சை பார், வந்து படுத்துப் பார். பிடிக்கேல்லையெண்டால் எந்த நேரமெண்டாலும் எழும்பிப் போவம். நீ தனியப் போகத் தேவையில்லை. நானும் உன்னோடை வாறன்."

"அப்ப நானும் பிள்ளையளும்?" என்றேன் பக்கத்திலிருந்து.

"நீங்கள் டோக்கன் எடுத்து முழுகுங்கோ" என்றாள்.

குகன் அன்று ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். திங்கள் போனது. செவ்வாய், புதன் போனது. பவானி தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஈரக் கையோடு ஓடினாள். ஓடிய இரண்டு தரமும் தரைவிரிப்புக் கழுவுகிற கம்பனிக்காரர். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக் காருக்குள் வைத்தேன். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று மத்தியானம் அவனாகவே எடுத்தான். பவானி கடைக்குப் போயிருந்தாள்.

"அத்தான், ஒரு கேள்வி. உங்கடை கூடாரத்திலை கதவு பூட்டலாமோ?"

"சிப் மட்டும்தான். இழுத்தால் மூடும், இழுத்தால் திறக்கும்."

"உள்ளுக்கை இருந்தும் திறக்கலாமோ?"

"ஓம், உள்ளுக்கை இருந்துதான் திறக்கிறது."

யோசித்தான். எதிரொலி அடங்கும் வரைக்கும் யோசித்தான்.

"அப்ப நாலு நாள் லீவு கேட்டிருக்கிறன் எண்டு அக்காட்டைச் சொல்லுங்கோ. ஆனா ஒண்டு. கதவுப் பக்கம் எனக்கு வேணும்."

உடனே விட்டுக்கொடுத்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய தியாகம் என்பதை, இரவில் மூன்று தரம் எழும்புகிற வயதுக்கு வந்துவிட்ட வாசகர்கள் அறிவார்கள்.