அப்பா கார் ஓட்டிய நூறு யார்

எங்கள் வீட்டில் கார் ஓட்டியது அம்மா. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர் அப்பா.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எழுபதுகளில் ரொறன்ரோவில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு வீட்டுச் சங்கதி மற்ற வீடுகளுக்குப் பரவ ஒரு மாலைநேரம் தாராளம். பெண்சாதி கார் ஓட்ட, புருஷன் பக்கத்தில் சொகுசாக உட்கார்ந்து வந்தான் என்று ஒருவர் கண்டால் போதும், அடுத்த பொங்கல் வரைக்கும் அதுதான் கதை. அதனால் போகிற வீட்டுக்கு ஒரு தெரு முன்னதாகவே அம்மா காரை ஓரங்கட்டுவார். இருவரும் இறங்கி, காரின் முன்பக்கமாக ஒருவரை ஒருவர் கடந்து, இடம் மாறுவார்கள். மிச்சம் நூறு யார் தூரம் அப்பாவின் பொறுப்பு. அந்த நூறு யார் முழுக்க அம்மா பல்லைக் கடித்தபடி “பிறேக், பிறேக்” என்று சொல்லிக்கொண்டே வருவார்.

அப்பாவிடம் இருந்தது கார் பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் தற்காலிகப் பத்திரம். சோதனைக்கு மூன்று தரம் போய் மூன்று தரமும் தவறியிருந்தார். சோதிக்கிறவனுக்குத் தன் முகத்தைப் பிடிக்கவில்லை என்பது அவருடைய விளக்கம். எட்டு வயதுக்காரியான நான் அதை நம்பினேன். என் தம்பிக்கு ஐந்து வயது. அவன் எதையும் நம்புவான்.

அம்மாவுக்குக் கார் பழக்கியது ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த இத்தாலிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டிக் கிடக்கும். கடைக்கு முன்னால் கார்கள் நிறுத்தும் வெறும் நிலத்தில், ஒருத்தி பேசும் ஆங்கிலம் மற்றவளுக்குப் பாதி விளங்க, மீதியைக் கையாலும் கண்ணாலும் பேசி இரண்டு பேரும் சுற்றிச்சுற்றி ஓடினார்கள். அம்மா முதல் தரமே பாஸ்.

அப்பாவிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. அம்மா காரை எடுத்தால் அவருக்கு உடனே நித்திரை வந்துவிடும். அவர் வேலை செய்தது கட்டடப் படம் வரைகிற கந்தோரில். எங்கே போவதென்றாலும் முதல்நாளே பென்சிலால் வழியை வரைந்துவிடுவார். எத்தனையாவது விளக்கில் திரும்புவது, எந்தப் பக்கம் பெற்றோல் நிலையம், எல்லாம் இருக்கும். அதை என்னிடம் தந்து, “நீ வாசிச்சுக்கொண்டு வா பிள்ளை,” என்பார். தலை ஒருபக்கம் சாய்ந்துவிடும். பின்னால் இருக்கிற எங்களுக்கு அவருடைய உச்சந்தலை மட்டும்தான் தெரியும்.

ஒரு பனிக்காலத்தில் விக்ரோறியா பார்க் சந்தியில் கார் வழுக்கி, அரைச்சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. தம்பி குளறி அழுதான். அப்பா கண்ணைத் திறந்து, “வந்திட்டமே?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்று அம்மா சொன்னதும் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தக் கோடையில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. மாமா அம்மாவின் தமையன், டொக்டர். கியூபெக்கில், சென் லோறன்ஸ் ஆறு அகன்று கடலாகிவிடுகிற வடகரையில், காகித ஆலை நகரம் ஒன்றில் வேலை. அங்கிருந்து சில மணி நேர ஓட்டத்தில் தடுசாக் என்று ஒரு ஊர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் கோடைக்குப் போய்த் தங்குகிற கடலோர ஊர். அங்கே ஒரு கிழமைக்கு வீடு எடுத்திருக்கிறேன், வந்து நில்லுங்கள், பிள்ளைகள் திமிங்கிலம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். அதற்கு முன் மாமா எங்களை எங்கும் கூப்பிட்டதில்லை. அம்மாவின் கல்யாணப் பேச்சு நடந்தபோது, “சைக்கிளில டபிள் ஏத்தத் தெரியாத பெடியனுக்கோ என்ர தங்கச்சியைக் குடுக்கிறது?” என்று கேட்டவர் அவர். அது அப்பாவின் காதுக்கும் போயிருந்தது.

இரண்டு நாள் பயணம். பாணும் கட்டைச்சம்பலும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். மொன்றியல் தாண்டியதும் தெருப்பலகைகள் எல்லாம் பிரெஞ்சுக்கு மாறின. நான் அப்பாவின் படத்தில் இருந்த எழுத்துகளைப் பலகையோடு பொருத்திப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா ஓட்டினார். அப்பா நித்திரை. கடைசியில் சாலை தண்ணீருக்குள் போய் முடிந்தது. அக்கரையில் செங்கூரை போட்ட பெரிய வெள்ளை ஹோட்டல் தெரிந்தது. கார்களை ஏற்றிக்கொண்டு அங்கே போகிற படகுக்காக வரிசையில் நின்றோம்.

படகில் ஏறி நின்ற பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

“உம்மட அண்ணைக்குக் கடிதம் போடேக்க ஒண்டு எழுதிப்போட்டன்.”

“என்னத்தை?”

“ரொறன்ரோவில இருந்து முழுக்க நானே ஓடிக்கொண்டு வாறன் எண்டு.”

அம்மா விரலை நீட்டினார். படகு போய் அணையும் இடத்திலிருந்து தெரு ஒரே மேடாக மேலே ஏறியது.

“உந்த மேடு தெரியுதே உங்களுக்கு?”

“நூறு யார்தானே,” என்றார் அப்பா.

“ஓம், நூறு யார்தான். படுத்துக் கிடக்கேல்லை, எழும்பி நிக்குது.”

ஆனாலும் அம்மா இறங்கினார். இருவரும் வழக்கம்போல முன்பக்கமாகக் கடந்து இடம் மாறினார்கள். தம்பி, “திமிங்கிலம்! வெள்ளைத் திமிங்கிலம்!” என்று கத்தினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டின் அடியில் வெள்ளைத் தொப்பியோடு மாமா நின்றிருந்தார், இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு. ஐயோ கடவுளே, அப்பா இந்த ஒரு தரம் வென்றால் போதும் என்று நேர்ந்தேன். என் வளையல்களை எல்லாம் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

படகு அணைந்தது. முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக இறங்கி மேட்டில் ஏறின. அப்பா சாவியைத் திருப்பினார். கார் இருமியது. காலால் பெற்றோலை மிதித்து மிதித்துத் திரும்பவும் திருப்பினார். இன்னும் இருமியது. காருக்குள் பெற்றோல் மணம் குப்பென்று ஏறியது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். பிறகு எல்லோரும் அடித்தார்கள். படகுக்காரன் ஒருவன் ஓடிவந்து கண்ணாடியில் தட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். என்ன ஏது என்று பார்க்க மாமாவும் எங்களை நோக்கி நடந்து வரத் தொடங்கினார். அப்பாவின் பிடரியில் வியர்வை வழிந்து சட்டைக் கழுத்துக்குள் போனது.

அம்மா மடியில் கை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாதான் கதவைத் திறந்தார். “நீர் வாரும்,” என்றார்.

தெருமுனையில் ஒருவர் கண்ணிலும் படாமல் செய்கிற காரியத்தை அன்றைக்கு மாமாவும் படகு நிறைந்த பிரெஞ்சுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க இருவரும் செய்தார்கள். அப்பா காரின் முன்பக்கமாக மெதுவாக நடந்து வந்து மற்றப் பக்கம் ஏறினார். அம்மா பெற்றோலை அடிமட்டம் வரை மிதித்து, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். கார் உறுமி எழும்பியது. ஒரே மூச்சில் மேட்டின் உச்சிக்குப் போய் நின்றோம். படகுக்காரன் விசில் அடித்தான்.

மாமா மேல்மூச்சு வாங்க ஏறி வந்தார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார், கண் மட்டும் அப்பாவில் இருந்தது.

“உனக்கு ஆர் பிள்ளை கார் பழக்கினது?”

“இவர்தான்,” என்றார் அம்மா. “பக்கத்தில இருந்து பழக்கினவர். வேற ஆரால ஏலும்?”

இத்தாலிக்காரி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

மாமா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “ம்... நல்லாத்தான் பழக்கியிருக்கிறீர், தம்பி,” என்றார். அப்பா டிக்கியைத் திறந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்.

அந்தக் கிழமை முழுவதும் நல்ல வெயில். தண்ணீர்தான் காலை வெட்டுகிற குளிர். தம்பி இன்னும் நான்கு திமிங்கிலம் பார்த்தான். நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. மாமாவும் அப்பாவும் மணலில் உட்கார்ந்து காட்ஸ் விளையாடினார்கள். ரொறன்ரோவுக்குத் திரும்பி, முதல் தரம் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது அம்மா பழக்கதோஷத்தில் தெருமுனையில் காரை நிறுத்தினார்.

“ஏன் நிப்பாட்டினனீர்? போம்,” என்றார் அப்பா. அன்றிலிருந்து அவர் எல்லா வீட்டு வாசலிலும் ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கக் கதவாலேயே இறங்கினார்.

எனக்கு மட்டும் அந்தப் பொய் ஆறவே இல்லை. கீழ்மாடி இத்தாலிக்காரியைப் படிக்கட்டில் காணும்போதெல்லாம் அவளுடைய பெயரை நாங்கள் திருடிவிட்டதுபோல் இருந்தது. பொய் சொல்லாதே என்று எங்களுக்கு அடிக்கிற அம்மா, சும்மா நித்திரை கொண்ட மனிதருக்கு இப்படிப் பட்டம் கட்டலாமா?

பதினாறு வயதில் நானும் சோதனை பாஸ் பண்ணினேன். முதல் நாள் என்னோடு வர அம்மாவுக்குத் தைரியம் இல்லை. அப்பா வந்து பக்கத்தில் ஏறினார். நெடுஞ்சாலைக்குள் நுழைந்ததுமே அவருடைய தலை சாய்ந்தது; கண் மூடியது. வலப்பக்க வரிசைக்கு மாறுவதற்காகத் தலையைத் திருப்பினேன். பின்னாசனத்தில் இருந்து ஒருநாளும் தெரியாத ஒன்று அப்போது கண்ணில் பட்டது. அப்பா இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் மூட்டுகள் வெளிறிப் போயிருந்தன. கீழே அவருடைய கால், இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. முகம் மட்டும் நல்ல நித்திரையில் இருந்தது.

ஓட்டுகிறவளுக்குத் தன் பயம் தொற்றக் கூடாதென்று எத்தனை ஆயிரம் மைல் இப்படி நித்திரைபோல வந்திருப்பார்! அம்மா அன்றைக்கு மாமாவிடம் பொய் சொல்லவில்லை.

ஒரு பெரிய லொறி உரசுவதுபோல் கடந்து போனது. கார் ஒருதரம் ஆடி நேரானது.

“வந்திட்டமே?” என்று கேட்டார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

“இன்னும் இல்லை அப்பா,” என்றேன். “நீங்கள் படுங்கோ.”