இறக்கைக்கு வெளியே நின்றவள்

"உம் பொண்ணு பிளேன்ல இன்னா வேல செய்யுது?" என்று தெருவில் யாராவது கேட்டால் ஜெயம்மாளுக்குச் சங்கடமாகிவிடும். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர் அவர். தன் வேலையை விரல் அசைத்துக் காட்டியே புரியவைத்துவிடுவார். மகள் சௌந்தர்யாவின் வேலையை எப்படிக் காட்டுவது? "இன்னும் படிக்குதுங்க. ரெக்கைக்கு அடியில நிக்குதாம்" என்பார். "நிக்கிறதுக்கா படிப்பு?" என்று கேட்டவர்களும் உண்டு.

நாங்கள் விமானப் பராமரிப்பு படித்த மையம் வாலாஜாபேட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. பறந்து ஓய்ந்த ஒரு பெரிய விமானத்தின் ஒற்றை இறக்கையை இரும்புத் தாங்கிகள் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். விமானம் கிடையாது. இறக்கை மட்டும்தான். முதல் நாள் சீனிவாசன் சார் அதைத் தட்டி, "டேங்க் எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்" என்றார். ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேடினோம். டேங்க் என்று தனியாக ஒன்றும் இல்லை, இறக்கையேதான் டேங்க். உள்கூட்டின் மூட்டுகளை ரப்பர் மாதிரியான பசையால் அடைத்துவிட்டு, எரிபொருளை நேராக அதற்குள் ஊற்றுகிறார்கள். எங்காவது பசை விட்டுப்போனால் ஒழுகும். ஒழுகினால் ஓர் ஆள் உள்ளே போயே ஆகவேண்டும். இறக்கையின் அடியில் முட்டை வடிவத்தில் ஒரு திறப்பு உண்டு. ஒரு கையை முன்னால் நீட்டி, தோளைக் குறுக்கினால்தான் அதில் நுழைய முடியும்.

"எண்ணெய வடிச்சாச்சு, டேங்க் காலின்னு நெனைக்காதீங்க. ரொம்பின டேங்க விட காலி டேங்குதான் பேஜாரு" என்றார் சார். "உள்ள ஆவி நிக்கும். தீப்பொறி பட்டா வெடிக்கும். பொறியே இல்லன்னாலும் மூச்ச அடைக்கும்."

அதனால் உள்ளே போகிறவன் பருத்தி உடைதான் போடவேண்டும். செல்போன், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வெளியே ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். இறக்கையிலிருந்து தரைக்கு ஒரு கம்பி போகும்; உரசலில் பிறக்கும் மின்சாரம் அதன் வழியாக இறங்கிவிடும். உள்ளே நிற்கும் ஆவியை அளக்கும் கேஸ் மீட்டர் சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே போகலாம். வெளியே இருக்கும் புளோயர் குழாய் வழியாகக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். திறப்புக்குக் கீழே ஓர் ஆள் நிற்கவேண்டும். அடிக்கடி பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும், பதில் வாங்கவேண்டும். என்ன ஆனாலும் அந்த ஆள் உள்ளே போகக்கூடாது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள். நான் அமிர்திக்குப் பக்கத்துக் கிராமம். நான் டிகிரி வாங்கியதை எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மைக்கில் சொன்னார்கள். சௌந்தர்யாவும் சமீருல்லாவும் தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த ஆம்பூர். சமீர் படிப்புக்கு நடுவில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பகுதியில் வேலை பார்த்தவன். பசை நெடியெல்லாம் அவனுக்குப் பூ வாசனை. "எங்க ஊரு மூக்கு சார் இது. டேனரி காத்துல பொறந்தது. இதுக்கு மேல நாத்தம் உலகத்துலயே கெடையாது" என்று பெருமையடித்தான்.

"மூக்க நம்பாத. மொதல்ல அதுதான் ஏமாத்தும். மீட்டர நம்பு" என்றார் சார்.

வகுப்பே சிரித்தது. சௌந்தர்யா சிரிக்கவில்லை.

அவள் அப்பா பாண்டியனை ஆம்பூரில் தெரியாதவர்கள் குறைவு. ஊருக்கு வெளியே ஒரு டேனரியில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான் காசி என்கிற கூட்டாளி. "நாத்தம் கொறஞ்சுடுச்சு, எறங்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கியிருக்கிறான். நாற்றம் குறையவில்லை, அந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். காசி விழுந்ததைப் பார்த்ததும் பாண்டியன் யோசிக்காமல் பாய்ந்தார். இரண்டு பேரும் மேலே வரவில்லை. வருஷா வருஷம் அந்த நாளில் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். பாண்டியன் மீசையோடு பெரிய படமாக இருப்பார். 'பிறர் உயிர் காக்கத் தன்னுயிர் தந்த மாவீரன்' என்று மேலே எழுதியிருக்கும். ஆம்பூர்ப் பக்கம் அதுதான் ஆண்மைக்கு அளவு. தோஸ்து விழுந்தால் நீயும் பாய்வாய்.

வெளியே நிற்கும் முறை தன் பேருக்கு வந்ததும் சௌந்தர்யா சாரிடம் போனாள். "எனக்கு அந்த வேல வேணாம் சார். உள்ள ஒரு ஆள் விழுந்தா நானும் பாஞ்சுடுவேன். எங்கப்பா ரத்தம்."

சார் அந்தக் கதை தெரியாத ஊர்க்காரர். "முறை வந்தா நின்னுதான் ஆவணும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் நின்றாள். கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு உள்ளே போனவன் சமீர். பழைய பசையை, டப்பாவில் கொண்டுபோகும் நெடியுள்ள ஒரு திரவத்தில் துணியை நனைத்துத் துடைத்து எடுக்கவேண்டும். முகமூடி, இடுப்புப் பட்டையில் கயிறு, எல்லாம் சரி. கையில் கட்டியிருந்த தாயத்து மட்டும் பாக்கி.

"இது அம்மி கட்டினது. கழட்டினா கொன்னுடுவாங்க." அம்மாவை அவன் அம்மி என்றுதான் சொல்வான்.

"தகரக் குப்பிடா அது. கழட்டு."

"நீயே வச்சிரு. தட்டுல வெக்காத." கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, பாம்பு மாதிரி நெளிந்து உள்ளே போனான்.

"சமீர்?" என்று அவள் கூப்பிடுவாள். "பிரியாணி துன்றேன்" என்பான். அடுத்த முறை, "காலமாயிட்டேன், மால வாங்கினு வா" என்பான்.

"ஒழுங்கா 'இருக்கேன்'னு சொல்லுடா எரும!"

அப்போது கரண்ட் போனது. புளோயர் இழுத்து இழுத்து நின்றது. புளோயர் நின்றால் உள்ளே இருப்பவன் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

"சமீர், வெளிய வா! காத்து நின்னுபோச்சு!"

"இந்த ஓரம் மட்டும்... வர்றேன். டப்பா வேற கொட்டிகிச்சு. ஒண்ணும் நெடியே இல்ல, வுடு." குரல் தெளிவாகக் கேட்டது. வேர்வை பொறுக்காமல் முகமூடியை இறக்கிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"சமீர்?"

பதில் இல்லை.

"சமீர்!"

பக்கத்தில் நின்ற எங்கள் வகுப்புக் கௌதம் சிரித்தான். "சும்மா படம் காட்றான். காலையிலேருந்து இதே கூத்து."

சௌந்தர்யா விசிலை ஊதினாள். கொட்டகையே அதிர்ந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் வந்த கயிறு எங்கோ மாட்டிக்கொண்டு நின்றது. கௌதமின் சிரிப்பு அப்போதுதான் போனது. "தள்ளு, கயித்த எடுத்துவுட்டுட்டு வர்றேன்" என்று தலையையும் ஒரு தோளையும் திறப்புக்குள் விட்டுவிட்டான். அவள் அவன் காலரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இடுப்பைக் கட்டிக்கொண்டு முழு பலத்தோடும் தொங்கினாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

"உள்ள ஒருத்தன் இருக்கான். போதும்! நீ போய் ஜெனரேட்டர் போடு!" என்று கத்தினாள். என்னைப் பார்த்து, "சாரக் கூப்புடு, காத்து சிலிண்டர் செட்டு எடுத்துனு வா. ஓடு!" என்றாள்.

நான் ஓடினேன். சாரோடும் சிலிண்டர் இருந்த சிவப்புப் பெட்டியோடும் திரும்பி வந்தபோது அவள் திறப்புக்குக் கீழே தாங்கிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி இல்லாவிட்டால் விழுந்துவிடுவாள் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே போய்விடாமல் தன்னைத்தானே பிடித்து வைத்திருக்கிறாள் என்பது கிட்டே போனபோது புரிந்தது. அந்த நிலையிலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "சமீர்? சமீர், நான் இங்கதான் இருக்கேன்."

ஜெனரேட்டர் உறுமி புளோயர் மறுபடி ஊதத் தொடங்கியது. சார் சிலிண்டரின் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கயிற்றை விடுவித்தார். நாங்கள் இழுத்தோம். முதலில் ஒரு ஷூ தெரிந்தது. வெளியே வந்தவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சமீர் பிழைத்துவிடுவான் என்று டாக்டர் சொல்லும் முன்பே ஹாஸ்டலில் வேறு பேச்சு ஓட ஆரம்பித்திருந்தது. "கை எட்ற தூரம்டா. இவ நின்னு பாத்துனு இருந்தா." கௌதம் அதைச் சொன்னது அவள்மேல் கோபத்தில் இல்லை. தன்னைத் தடுத்துவிட்டாளே என்ற வேதனையில்தான். ஆனால் வாய் மாறி மாறிப் போன பேச்சில் வேதனை உதிர்ந்துபோய், நின்று வேடிக்கை பார்த்தாள் என்பது மட்டும் மிஞ்சியது.

அந்தப் பேச்சு சமீரின் அம்மா மஹ்பூபியின் காதுக்கும் போயிருந்தது. ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். ஜெயம்மாள் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தார். சௌந்தர்யா மஹ்பூபியிடம் தாயத்தை நீட்டினாள்.

"இத கழட்டினது யாரு?"

"அவனேதான் கழட்டிக் குடுத்தான் அம்மி. உள்ள தகரம் கொண்டுபோவக்கூடாது."

"இது கைல இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா?" மஹ்பூபி தாயத்தை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார். "அது போவட்டும். எம்புள்ள உள்ள கெடந்தப்ப நீ வெளிய நின்னியாமே?"

"ஆமா அம்மி."

"உள்ள பூந்திருந்தா கை எட்டியிருக்குமாமே?"

"எட்டியிருக்கும்." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "நாளையிலேருந்து நான் அந்த வேலைக்கு நிக்கப்போறதில்ல அம்மி. சாராண்ட சொல்லிட்டேன். எங்கப்பா படத்துக்கு முன்னாடி என்னால மூஞ்சி காட்ட முடியாது."

மஹ்பூபிக்குப் புரியவில்லை. ஜெயம்மாளைப் பார்த்தார்.

"நம்ம ஊரு பாண்டியனைத் தெரியுமா பாபி?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டார் ஜெயம்மாள்.

"தெரியாம? டேனரி தொட்டியில பாஞ்சவரு. அந்த மாதிரி மனுஷன் யாரு இருக்கா இப்போ."

"அவரு பொண்ணுதான் இது."

"அவரு பொண்ணா நின்னுச்சு?"

அந்தக் கேள்வியில் சௌந்தர்யா குறுகிப்போனாள். ஜெயம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா. அவரு பொண்ணுதான் நின்னுச்சு. அவரு பாஞ்சாரு பாபி. காசிய தூக்கினாரா? தூக்கல. மேல இருந்தவங்க எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. காத்து வேணும், ஆள் வேணும்னு ஓடறதுக்கு அன்னிக்கி ஒருத்தர் இல்ல. அவர நான் கொற சொல்லல. அவரு மனசு அப்டி. ஊரு வருஷா வருஷம் மால போடுது, நானும் கூட நிக்கிறேன். வூட்டுக்கு வந்து கதவ சாத்தினப்புறம் நெனச்சுப்பேன், இவர யாராவது ஒருத்தர் சட்டையப் புடிச்சி இழுத்திருக்கக் கூடாதான்னு. கௌதம் தம்பிய இது இழுத்துச்சாம். அவங்கம்மா இன்னிக்கி வூட்ல சோறாக்கினு இருக்காங்க. உங்க புள்ளயும் உள்ள கண்ண தொறந்துனு இருக்கான்."

சௌந்தர்யா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஃப்ளெக்ஸுக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் அம்மாவைத்தான் அவளுக்குத் தெரியும். இந்த அம்மாவை அன்றைக்குத்தான் பார்த்தாள். சுவரில் சாய்ந்து நின்ற கௌதம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நர்ஸ் வந்து கூப்பிட்டதும் மஹ்பூபி தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி, "காலைலேருந்து எதுனா சாப்ட்டியா?" என்று சௌந்தர்யாவைக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "பையில ரொட்டி இருக்குது, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சௌந்தர்யா ரொம்ப நாள் அந்தத் திறப்புப் பக்கமே வரவில்லை. கருவிகளைத் துடைத்தாள், மீட்டர் சரிபார்த்தாள். சமீர் உடம்பு தேறி வந்தபோது, விட்ட டேங்க் செய்முறைத் தேர்வை அவன் மறுபடி செய்யவேண்டியிருந்தது. உள்ளே போக அவன் தயார். "வெளிய யாரு?" என்று சார் கேட்டார்.

"சௌந்தர்யா நின்னா போறேன் சார். இல்லன்னா இல்ல."

எல்லாரும் அவளைப் பார்த்தோம். கௌதம் தட்டிலிருந்த விசிலை எடுத்துக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினான். "வாங்கிக்க. என்ன இழுத்த மாதிரி இவன இழுக்காத, சட்ட கிழிஞ்சிடும்" என்றான்.

அவள் கொலுசைக் கழற்றினாள்.

சமீர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தோல் பையை எடுத்தான். ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சும் மெல்லிய ஆட்டுத்தோல். கையால் நெருக்கமாகத் தைத்திருந்தது. "அம்மி தகரக் குப்பிய எடுத்துட்டு இதுல தச்சாங்க."

"இதுவும் உள்ள போகாதுடா. கழண்டு விழற எதுவும் கூடாது" என்றாள் சௌந்தர்யா.

"எனக்கில்ல. நிக்கிறவளுக்குக் கட்டிவுடுன்னாங்க."

சார் மீட்டரைப் பார்த்தார். சௌந்தர்யா முழங்கைக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு, உடையின் கையை இறக்கிவிட்டாள். சமீர் ஒரு கையை நீட்டி, தோளைக் குறுக்கி, உள்ளே போனான். கயிறு மெல்ல மெல்ல அவள் விரல்களுக்குள் நழுவியது.

"சமீர்?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கூப்பிட்டாள்.

"சமீர்?"

"இருக்கேன். நீ இருக்கியா?"

"இங்கதான் நிக்கிறேன்" என்றாள்.