கசங்காத சட்டைக்குப் பென்ஷன் உண்டா?

இந்த வருஷம் மட்டும் எனக்கு மூன்று முறை அறுபத்தைந்து வயது பூர்த்தியாகிவிட்டது.

நிஜ வயது ஐம்பத்திரண்டு. என் மனைவியைக் கேட்டால் இரண்டு கூட்டிச் சொல்வாள், நம்ப வேண்டாம். ஆனால் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் என்னைப் பார்த்ததும் முதியவர், ஆதரவற்றவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மூன்றாவது முறை நடந்தது போன செவ்வாய்க்கிழமை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஏழுமலை அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பூனாவின் போபோடியில் அவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. இஸ்திரிக்காரர். வேலூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் பூனாவுக்கு வந்தவர். கன்டோன்மென்ட் ஆபீசர்களின் யூனிஃபாரம் நாற்பது வருஷமாக அவர் பெட்டியில்தான் மடிப்பு வாங்கியது. ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. துணிக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவுதான். பென்ஷன், பி.எஃப். பற்றியெல்லாம் அவரிடம் யாரும் பேசியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு கர்னலின் காலர் கருகியது. கர்னல் ஒன்றும் சொல்லவில்லையாம். இவராகவே அன்றோடு பெட்டியை மூலையில் வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டுத் துணியும் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தது. வேறு ஆளிடம் கொடுக்க என் மனைவிக்கு மனசில்லை. தானே போட அவளுக்கு நேரமில்லை. எனக்குத் தெரியாது. ஆக, இரண்டு வருஷமாக நான் கசங்கிய சட்டையோடுதான் ஊர் சுற்றுகிறேன். இது பின்னால் முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மட்டும் கசங்கவில்லை! மாற்றலாகிப் போன மேஜர்கள் விட்டுச் சென்ற பழைய சட்டைகள்தான் அவருக்கு உடுப்பு. லேசான ஈரத்தோடு நீவி மடித்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து எடுப்பார். போட்டுக்கொண்டு நின்றால் ரிட்டயர்டான ராணுவ அதிகாரி என்றுதான் சொல்வீர்கள். ஒரு வேளைதான் சாப்பிடுகிறார் என்று யார் நம்புவார்கள்?

மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருஷம். பிள்ளைகள் இல்லை. குடியாத்தத்தில் தங்கை மகன் ஒருவன் உண்டு. அவன் 'வா மாமா' என்று ஒரு கார்டு போட்டதில்லை. மாதா மாதம் ஏதாவது வந்தால் போபோடி கோலியிலேயே, அதாவது அந்த ஒற்றை அறையிலேயே, இருந்துவிடலாம். வராவிட்டால் குடியாத்தத்தில் போய், கூப்பிடாத வாசலில் நிற்க வேண்டும்.

"நிராதார் பென்ஷன்னு ஒண்ணு கீதாமே சார்... யாரும் இல்லாத வயசானவங்களுக்கு. அது எனுக்கு வருமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அது என்ன பிரமாதம் அண்ணே? ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றேன்.

வாரா வாரம் பத்திரிகையில் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்கிறவன், தெரியாது என்று சொல்லலாமோ?

தாசில் ஆபீசுக்குப் போனோம். நாலாம் நம்பர் கவுன்ட்டரில் ஒரு கிளார்க். ஏழுமலை அண்ணனைப் பார்த்ததும் "ஆயியே சாப்" என்று நாற்காலியைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, சத்தமாக, காது கேட்காதவரிடம் பேசுவது போல, "பாபா, அறுபத்தைந்து முடிந்துவிட்டதா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அது முதல் முறை.

நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் நின்ற இன்னொருவர் எனக்காகப் பரிந்து பேச ஆரம்பித்துவிட்டார். பாவம், முதலில் அவருக்குக் கொடுங்கள் என்று! ஏழுமலை அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது குழப்பம். திட்டம் ஒன்றல்ல... மாநில அரசுடையது, மத்திய அரசுடையது என்று பல. நாலாம் கவுன்ட்டர் ஒரு படிவம் கொடுத்தது. ஏழாம் கவுன்ட்டர் அது பழைய படிவம் என்றது. புதிய படிவம் எங்கே? வெளியே ஜெராக்ஸ் கடையில். ரேஷன் கார்டு நகல், இத்தனை வருஷம் மகாராஷ்டிராவில் இருந்ததற்குச் சான்று, வருமானம் இல்லை என்பதற்கு வருமானச் சான்று, வயதுச் சான்று. இருக்கிறது என்றால் காட்டிவிடலாம். இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது?

நடுவில் இலவச தானியத் திட்டம் என்று ஒன்று கேள்விப்பட்டேன். அதையாவது வாங்கிவிடலாம் என்று விசாரித்தேன். பென்ஷனுக்குத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டுமாம். ஆனால் பென்ஷன் கிடைத்திருக்கக் கூடாதாம்.

"தகுதி உண்டு, ஆனால் பென்ஷன் கிடைக்கவில்லை என்று எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன்.

"தகுதி இருந்தால் பென்ஷன் கொடுத்துவிடுவோமே, எப்படி இல்லையென்று எழுதுவது?" என்றார் ஏழாம் கவுன்ட்டர்.

இதை இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது புரிந்தால் கடிதம் போடுங்கள்.

வயதுச் சான்றுக்கு அரசு ஆஸ்பத்திரி. பிறந்த தேதி தெரியாதவர்களுக்குப் பல்லைப் பார்த்து, எலும்பைப் பார்த்து டாக்டர் வயது சொல்வார். உள்ளே போனதும் டாக்டர் நிமிராமலே "வாயைத் திற" என்றார், என்னைப் பார்த்து. திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்று கேட்காதீர்கள், டாக்டர் சொன்னால் திறப்பதுதான் பழக்கம். எனக்கு இரண்டு கடைவாய்ப் பல் இல்லை. "ஆங், அறுபத்தைந்து இருக்கும்" என்று எழுதப் போனார். ஏழுமலை அண்ணனுக்கோ பல் வரிசை அப்படியே இருக்கிறது!

அது இரண்டாம் முறை. அடித்துத் திருத்தி, எலும்பையும் படம் பிடித்து, அவர் வயதை அவருக்கே வாங்கித் தர ஒரு மாதம் ஆனது.

கடைசியில் தலாட்டி வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். தலாட்டி என்றால் நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி. விண்ணப்பித்தவர் நிஜமாகவே இல்லாதவர்தானா என்று நேரில் பார்த்து எழுதுகிறவர். செய்தி எதிர்க்கோலி சரோஜாவுக்குப் போனது. சரோஜா காலையில் இட்லி வியாபாரம், மற்ற நேரமெல்லாம் அந்தச் சந்தின் நிர்வாகம்.

"ஆபீசரு வூட்டுக்கு வராராம்!" என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நம் ஆட்கள் வீட்டுக்குப் பெரிய மனிதர் வந்தால் என்ன செய்வார்கள்? பெண் பார்க்க வருகிற அன்று செய்வதைத்தான் செய்தார்கள். சரோஜா வீட்டு எவர்சில்வர் டவரா செட் வந்தது. பக்கத்துக் கோலியிலிருந்து சுவர்க் கடிகாரம். இன்னொரு வீட்டிலிருந்து ஒரு டி.வி. அது ஓடாது, ஆனால் பார்த்தால் ஓடாது என்று தெரியாது. என் மனைவி பூப்போட்ட பெட்ஷீட்டும் மெத்தை வைத்த நாற்காலிகள் இரண்டும் கொடுத்தனுப்பினாள். டேபிள் ஃபேனை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனது யார்? நான்தான். நிராதார் என்றால் என்ன என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்ன அதே நான்.

தலாட்டி வந்தார். முப்பது வயதுப் பையன் மாதிரி இருந்தார். மெத்தையில் உட்கார்ந்தார். கேசரி, வடை, காபி. ஃபேன் காற்று. ராணுவச் சட்டையில் ஏழுமலை அண்ணன் கைகட்டி நிற்க, எல்லோரும் சிரித்த முகமாக வழியனுப்பினோம். "நல்ல மனுசன்! ரெண்டு வடை கேட்டு வாங்கித் துன்னாரு" என்று சரோஜாவுக்கு ஒரே பெருமை. காரியம் முடிந்தது என்று நானும் நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. மராத்தியில் ஒரே ஒரு வரிதான் காரணம். 'பரிஸ்திதி சாங்க்லி.' நிலைமை நன்றாக இருக்கிறது. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அந்த வரியை அவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அரக்கோணத்துக்கு டிக்கெட் எப்ப கெடைக்கும்னு கொஞ்சம் பாக்கறீங்களா சார்? அங்க எறங்கி குடியாத்தம் பூட்றேன்" என்றார்.

எனக்கு என்னை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

டிக்கெட் எடுக்கவில்லை. மறுவிசாரணை கேட்டு மனு எழுதினேன். மீண்டும் நாலாம் கவுன்ட்டர், மீண்டும் ஏழாம் கவுன்ட்டர். மழைக்காலத்தில் தலாட்டி மறுபடி வருவதாகத் தகவல் வந்தது.

இந்தத் தடவை சரோஜா ஏமாறத் தயாராக இல்லை. கோலியைத் துடைத்து எடுத்துவிட்டாள். இரவல் சாமான் கிடக்கட்டும், அவருடைய சொந்தக் கட்டில், தண்ணீர்க் குடம், டிரங்குப் பெட்டி எல்லாம் எதிர்க்கோலிக்குப் போயின. இஸ்திரிப் பெட்டி மட்டும் கனம் என்று மூலையிலேயே கிடந்தது. வடை கிடையாது, காபி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு சட்டையைச் சுருட்டிக் கசக்கி அவரிடம் நீட்டினாள்.

"இத்தப் போட்டுக்கோண்ணா."

"வாணாம் சரோஜா."

"பென்ஷன் வேணுமா, வாணாமா?"

"வேணும். அதுக்காண்டி கசங்கினத போட்டுக்கினு ஆபீசரு முன்னால நிக்க சொல்றியா? இத்தினி வருசம் நான் பண்ண வேலைக்கி இன்னா மருவாதி?"

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

தலாட்டி மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். உட்கார இடமில்லை. "போன தடவை இங்கே ஒரு டி.வி. இருந்ததே?" என்றார்.

 எனக்குத் தெரிந்த ஹிந்தியில் நான் ஆரம்பித்தேன். அந்த டி.வி. இவருடையது அல்ல. அது ஓடாது. ஃபேன் என்னுடையது. கட்டில் இவருடையது, ஆனால் அது இப்போது எதிர் வீட்டில் இருக்கிறது... சொல்லச் சொல்ல எனக்கே நாங்கள் திருட்டுக் கும்பல் போலத் தெரிந்தது. முதலில் இல்லாததை இருப்பதாகக் காட்டினோம். இப்போது இருப்பதை இல்லாததாகக் காட்டுகிறோம். நடுவில் உண்மை எங்கேதான் போய்த் தொலைந்தது?

"ஏமாற்றுகிறீர்களா?" என்று தலாட்டி ஃபைலை மூடினார்.

அப்போது ஏழுமலை அண்ணன் ஒரு காரியம் செய்தார். அவர் ஃபைலைக் கவனிக்கவே இல்லை. தலாட்டியின் காலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கோட்டுக்குள் நசுங்கி அது ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது.

"சாப்... ஷர்ட் தீஜியே. தோ மினிட்" என்றார்.

சட்டையைக் கொடுங்கள், இரண்டே நிமிஷம்! தலாட்டி ஒன்றும் புரியாமல் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வந்த மனிதருக்கு உட்கார நாற்காலி இல்லை, குடிக்கத் தண்ணீர்கூட இல்லை, இதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார். சரோஜாவின் அடுப்பிலிருந்து கரண்டியில் நெருப்பு எடுத்து வந்து பெட்டியில் கொட்டினார். பாதி வெளியே சிதறியது. இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினார். மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. பெட்டி ஒரு சாண் உயர்ந்து தரையில் இறங்கிவிட்டது. மறுபடி தூக்கினார். மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை தூக்கப் போனபோது தலாட்டி குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரெஹ்னே தோ, காக்கா" என்றார் மெதுவாக. விடுங்கள், பெரியவரே.

எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டு மாதமாக இத்தனை காகிதம் சேர்த்தேனே, இந்தக் கையைக் காட்ட எனக்குத் தோன்றவில்லையே!

தலாட்டி நின்றபடியே நாலு வரி எழுதினார். கிளம்பும்போது சரோஜாவைப் பார்த்து, "இன்றைக்கு வடை இல்லையா?" என்றார். சரோஜா அழுதுவிட்டாள். பென்ஷனுக்காக அல்ல. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிறோமே என்று.

அரசாங்கத்திடம் ஏழைக்கென்று ஒரு படம் இருக்கிறது. கிழிந்த துணி, ஒடுங்கிய முகம், காலி வீடு. அந்தப் படத்தில் பொருந்தினால்தான் பெயர் ஏறும். ஆனால் ஏழைகளோ, ஆள் வருகிறார் என்றால் நல்ல சட்டை போட்டுக்கொள்கிறார்கள். இதில் தப்பு யார் பேரில்? எனக்குக் குழப்பம்தான். கிளார்க்கைச் சொல்லவும் மனசு வரவில்லை, சரோஜாவைச் சொல்லவும் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஏழுமலை அண்ணனுக்கு முதல் மணியார்டர் வந்தது. குடியாத்தம் போக வேண்டாம். கோலி வாசலில் நானும் அவரும் நின்றிருந்தோம். அவர் மேஜர் சட்டையில். நான் வழக்கமான கோலத்தில். புதுத் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். ஏழுமலை அண்ணனுக்கு ஒரு சல்யூட் வைத்து, அவரைத் தாண்டி வந்து, படிவத்தை என்னிடம் நீட்டினார்.

உங்களுக்கெல்லாம் வாரா வாரம் ஒரு பக்கம் எழுதுகிற என்னைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்: "பாபா, கையெழுத்தா, கைநாட்டா?"