பஸ்ல கேட்ட "இல்ல மிஸ்"

இன்னிக்கு நடந்ததுங்க இது.

சாயங்காலம் ஸ்கூல் முடிஞ்சு கீழ்பென்னாத்தூர்ல திருவண்ணாமலை பஸ் ஏறினேன். பௌர்ணமி கூட்டம். கம்பியப் புடிச்சிட்டு நிக்கறேன், முன் சீட்டுல இருந்து என் குரலே கேக்குது!

எட்டிப் பாத்தா, நான் பாடம் எடுக்கற ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி. பக்கத்துல அவங்க அம்மா தூங்கறாங்க. அம்மா போன்ல நான் எடுத்த பின்னக் கணக்கு வீடியோ ஓடுது.

அவங்கவங்க வேகத்துல பாக்கட்டும்னு கிளாஸ் குரூப்புல போட்டது. மெதுவா படிக்கற நாலு பேர மனசுல வெச்சுதான் எடுத்தேன். இவ அந்த நாலுல இல்ல. கிளாஸ்ல "புரிஞ்சுதா?"னு கேட்டா, "புரிஞ்சுது மிஸ்!"னு முதல்ல கத்தறவ இவதான்.

பழக்கதோஷம், வீடியோ கடைசியிலயும் "புரிஞ்சுதா?"னு கேட்டு வெச்சிருக்கேன்.

அவ போனப் பாத்து மெதுவா சொன்னா: "இல்ல மிஸ்."

மறுபடி முதல்ல இருந்து போட்டா. மறுபடி நான் கேட்டேன். மறுபடி "இல்ல மிஸ்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பன்னெண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு புள்ளகூட என் முகத்தப் பாத்து அப்படிச் சொன்னதில்ல. அதனாலயே நல்லா நடத்தறேன்னு நெனச்சிட்டிருந்தேன்.

மூணாவது தடவை "இப்ப புரிஞ்சுது"ன்னுட்டு அம்மா பையில போன வெச்சா. நான் கூப்பிடல. கூட்டத்துக்குள்ள தலைய மறைச்சிக்கிட்டேன்.

நாளைக்குப் பாடம் முடிஞ்சதும் கிளாஸ்ல என்ன கேக்கறது? டீச்சருங்க யாராவது சொல்லுங்க.

இதப் படிச்ச உங்களுக்குப் புரிஞ்சுதான்னு நான் கேக்கப் போறதில்ல. எப்படியும் ஆமான்னுதான் சொல்வீங்க.