கவர்னர் முதலில் எழ வேண்டும்

என் தம்பி ஜேபஸ் 1879-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில், எங்கள் ரொட்டிக்கடை மாடியில் பிறந்தான். பத்து வயதில் நான் பள்ளியை விட்டுக் கடையில் நின்றேன், அவன் படித்தான். இருபதில் அரசாங்க எழுத்தர். பிறகு ஆப்பிரிக்கக் கரையில் இருபத்திரண்டு வருடம், நான்கு முறை கடும் காய்ச்சல். 1924 மார்ச்சில் அட்லாண்டிக்கில் ஒரு சிறு தீவுக்குக் கவர்னரானான். கல்யாணம் செய்துகொள்ளாதவன், வீட்டை நடத்த அக்கா நான் அவனோடு போனேன்.

ஜூன் மூன்று, அரசர் பிறந்தநாள். பகல் இரண்டு மணிக்கு நாற்பத்தோரு மீனவர்கள் தேநீருக்கு வந்தார்கள். நான் செய்த ஆறு குங்குமப்பூ கேக்கும் மூன்று மணிக்குள் தீர்ந்தன. ஆனால் யாரும் கிளம்பவில்லை. கவர்னர் உடுப்பின் இறகுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஜேபஸ் மூன்றாவது தடவையாக ஆடுகளின் நலம் விசாரித்தான்.

படகோட்டி சைலஸ் என்னிடம் நெளிந்து வந்தார்.

"அம்மா, துரை எப்ப எழுந்திருப்பாரு? கடல் தண்ணி உள்வாங்குது. இன்னும் அரை மணி போனா படகு தரை தட்டிரும். மீன் கூட்டம் இன்னிக்குத்தான் வந்திருக்கு."

"போக வேண்டியதுதானே!"

"அவரு எழாம நாங்க எப்படி எழறது? அரசருக்குப் பதிலா உக்காந்திருக்காரே!"

தம்பியின் காதில் சொன்னேன்: "டேய், நீ போனாத்தான் அவங்க போவாங்க."

"விருந்தாளிய உக்கார வச்சிட்டு நான் எழுந்து போறதா? அம்மா இருந்தா கரண்டியாலயே போட்டிருப்பாங்க, அக்கா."

"மீன் போனா இவங்க போடுவாங்க."

கொஞ்சம் யோசித்தான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தான். உள்ளே போகவில்லை, நேராக வாசலுக்குப் போனான்.

"வாங்க, கரை வரைக்கும் வழியனுப்புறேன்."

நாற்பத்தோரு பேரும் பின்னால் ஓடினார்கள். ஆறு படகுகள் தாமாகவே மிதந்தன. ஏழாவது, சைலஸுடையது, மணலில் உட்கார்ந்திருந்தது. ஜேபஸ் தொப்பியை என் கையில் திணித்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தோள் கொடுத்தான். படகு நகர்ந்தது.

"துரை, அடுத்த வருஷம் சீக்கிரம் எழுந்திரிங்க!" என்று சைலஸ் கத்தினார்.

"கேக் மிச்சமிருந்தா எழ மாட்டேன்!"

கால்சட்டையைப் பிழிந்து உலர்த்த இரண்டு நாள் ஆனது. விருந்துக்கு மறுநாள் காலையே சமையலறை வாசலில் ஒரு கூடை நிறைய மீன் இருந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்டேன். நாற்பத்தோரு பேரும் தெரியாது என்றார்கள்.