முதலில் கால் ஊன்றியவள்

ராஜபாளையத்திலிருந்து புறப்பட்டு, எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கிற மலையை ஆடி மாத மழையில் சைக்கிளிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன் என்று சொன்னால், ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்றுதான் கேட்கிறார்கள். உடம்புக்கு நல்லது, சர்க்கரை குறையும் என்று எதையாவது சொல்லிவைப்பேன். உண்மை வேறு. நான் போனது ஒரு கல்யாண மண்டபத்துக்காக.

என் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை. நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் என்றும் பேசியாகிவிட்டது. மண்டபம் எந்த ஊரில் என்ற பேச்சு வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பெண் ஊரில்தான் நடத்த வேண்டும், அதுதான் முறை என்றேன் நான். மாப்பிள்ளை ஊரில் நடத்துவதுதான் முறை என்றார் பையனின் அம்மா. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம். இங்கே இலை போட்டதும் கிளம்பினால், அங்கே பாயசம் ஊற்றும்போது போய் உட்கார்ந்துவிடலாம். அதற்காக ராஜபாளையத்துக்காரி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியிடம் விட்டுக்கொடுப்பதா? அவர்களுக்குக் கோபுரமும் பால்கோவாவும் இருக்கிற மிதப்பு. எங்களுக்கு மில்லும் மாம்பழமும் இருக்கிற மிதப்பு. இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு வீட்டு ஆண்களும் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார்கள்.

சம்பந்தி அம்மாள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். நான் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். இரண்டு பேருமே நாள் முழுக்க மற்றவர்களை அதட்டிப் பழகியவர்கள். ஆனால் சம்பந்திகள் ஆயிற்றே, அதட்ட முடியுமா? "சொல்லுங்க மதினி", "நீங்க சொன்னா சரிதான் மதினி" என்று போனில் தேன் ஒழுகும். வைத்த பிறகு என் வயிறு எரியும். அவருக்கும் எரிந்திருக்கும்.

நான் சர்க்கரைக்காகக் காலையில் ஆறாவது மைல் அணைப் பக்கம் கியர் சைக்கிள் ஓட்டுகிறவள். அவர் செண்பகத்தோப்புச் சாலையில் ஓட்டுகிறவர். ஒரு நாள் போனில் அவரே ஆரம்பித்தார்.

"மதினி, மலையைச் சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா? செங்கோட்டை வழியாக் கேரளாவுக்குள்ள போயி, குமுளி வழியா எறங்கி, தேனி வந்து ஊருக்குத் திரும்பிருவோம். நடுவுல முண்டக்கயத்துல இருந்து குட்டிக்கானம் வரைக்கும் ஒரே ஏத்தம். அந்த ஏத்தத்துல யாரு மொதல்ல கால ஊணுதாவளோ, அவிய மண்டபத்தை விட்டுக் குடுத்துரணும். என்ன சொல்லுதீங்க?"

"தாராளமா மதினி" என்றேன். நானூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கில் "பிச்சி" என்றார். பைத்தியம் என்று தமிழில் சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

மகள்தான் பயந்துபோனாள். அதில் நியாயம் இருந்தது. இதற்கு முன்னால் அவளுக்கு வந்த ஒரு சம்பந்தம் என் வாயால் போயிற்று. காபியில் சீனி போதவில்லை என்று மூன்று தடவை சொன்ன மாப்பிள்ளையின் சித்தியிடம் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. அந்தப் பையனை இவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அதனால் தப்பித்தேன். இந்தப் பையனை இவளுக்கு உயிராகப் பிடித்திருந்தது.

"அம்மா, மண்டபம் எங்க வேணாலும் இருக்கட்டும். அவிய மனசு கோணுத மாதிரி ஒரு வார்த்தை சொல்லிறாத. சொன்னேன்னா எனக்குக் கல்யாணமே இல்ல" என்றாள். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் காற்று. கடையநல்லூர் தாண்டியதும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. "நீங்க முன்னால போங்க மதினி, நீங்கதான் மூத்தவிய" என்றார் சம்பந்தி. மூன்று மாதம் மூத்தவள் நான். பெருமையோடு முன்னால் போனேன். இரண்டு மணி நேரத்தில் எனக்கு நுரை தள்ளிவிட்டது. டீக்கடையில் நிறுத்திப் பார்த்தால் அவர் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்போல் நிற்கிறார். எதிர்க்காற்றில் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பாதி வேலைதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பி.டி. டீச்சருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

"இனிமே நீங்க போங்க மதினி. மாப்பிள்ளை வீட்டுக்காரவிய முன்னால போறதுதான் மொறை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அதன்பிறகு செங்கோட்டை வரை "நீங்க போங்க", "அட, நீங்க போங்க" என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே போய், ஓரிடத்தில் நடு ரோட்டில் நின்றேவிட்டோம். பின்னால் வந்த லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ரெண்டு பேருமே போங்கம்மா!" என்று கும்பிட்டார்.

மறுநாள் ஆரியங்காவு ஏறி அந்தப் பக்கம் இறங்கினோம். எங்கள் ஊரில் ஆடியில் மலைமேல் மேகம் கறுத்து நிற்கும். மழையெல்லாம் அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். எங்களுக்கு வருவது காற்றும் தூசியும்தான். இத்தனை வருஷமாக எங்களுக்கு வராமல் போனது என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. ரெயின்கோட்டுக்கு வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. கண்ணாடியைத் துடைக்க கம்பெனியிலிருந்து நான் கொண்டுபோன, கட்டுப் போடுகிற காஸ் துணி ஒரு மணி நேரத்தில் பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கி, "எம்மாடி, என்னா மழை!" என்றோம். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது மழையில்லை, மழை சாயங்காலம் வரும் என்றார். சம்பந்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயில் இருந்த விசில் அவர் சிரிக்கச் சிரிக்க ஊதியது. கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த இரண்டு நாட்கள் போல் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் கொஞ்சம்தான். முழுக்க நனைந்த பிறகு மழைக்குப் பயமே போய்விடுகிறது. ரப்பர் மரங்கள் பாலில் மழை விழாமலிருக்க இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. சாலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இறக்கத்தில் இரண்டு பேரும் வாய்விட்டுக் கத்திக்கொண்டே போவோம். வழியில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டோம். லாட்ஜில் துணி காயாது. சம்பந்தி இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கி, எங்கள் காலுறைகளைப் பட்டுப்புடவை மாதிரி விரித்துத் தேய்ப்பார். அறை முழுக்க ஆவியும் நாற்றமும். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் கெண்டைக்காலை ஓரக்கண்ணால் பார்ப்பேன். உரித்த தேங்காய்போல் திரண்டிருக்கும். நான் என் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் காலையில் முண்டக்கயத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். இரவெல்லாம் கொட்டிய மழை விடவில்லை. மேலே ஓரிடத்தில் மண் சரிந்து, ஒரு பக்கமாகத்தான் வண்டி விடுகிறார்கள் என்று கடையில் சொன்னார்கள். செம்மண் தண்ணீர் சாலையில் எங்களுக்கு எதிராக ஓடிவந்தது. முதல் கியரில் நான் போன வேகத்தில், குடை பிடித்துப் பால் கேனோடு நடந்துபோன ஒரு பெண் என்னை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் பாவமாக ஒரு பார்வை வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த மிதி மேளத்துக்கு, இந்த மிதி பந்திக்கு, இந்த மிதி வாழைமரத்துக்கு என்று எங்கள் ஊர் மண்டபத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டே மிதித்தேன்.

பாதிக்கு மேல் பனிமூட்டம். முன் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. நான் சிறிது முன்னால் போய்விட்டேன். ஒருவரையொருவர் பார்க்க முடியாததால், வளைவுக்கு வளைவு நான் மணி அடிப்பேன், கீழேயிருந்து அவர் விசில் அடிப்பார். நான் இன்னும் இறங்கவில்லை, நீ எப்படி என்று அதற்கு அர்த்தம். அவர் விசிலைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாகவும் இருக்கும், துணையாகவும் இருக்கும்.

ஒரு வளைவில் மணி அடித்தேன். விசில் வரவில்லை. அடுத்த வளைவிலும் வரவில்லை.

முதலில் எனக்கு வந்த நினைப்பைச் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டேன். அப்படியே இன்னும் நாலு மிதி மிதித்தேன். அதற்குள், சற்று முன்னால் ஒரு லாரி என்னை உரசுகிற மாதிரி கீழே இறங்கியது நினைவுக்கு வந்தது. விளக்குகூடப் போடாமல் போன லாரி. மணியை விடாமல் அடித்தேன். மழைச் சத்தம் மட்டும்தான். "மதினீ!" என்று கத்தினேன். பதில் இல்லை. என் மகள், மாப்பிள்ளை, மண்டபம் எல்லாம் மண்டையை விட்டுப் போய்விட்டது. சைக்கிளைச் சரிவில் சாத்திவிட்டு, சளசளவென்று தண்ணீர் அடிக்கிற ஷூவோடு கீழே ஓடினேன்.

"ஏட்டி! எங்கட்டி இருக்க? ஏட்டீ!"

இரண்டாவது வளைவில் அவர் இருந்தார். சீட்டைவிட்டு இறங்காமல், சாலையோரத்து இரும்புத் தடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். இடது கால் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது, தரைக்கு ஒரு சாண் மேலே. வலியில் ஊத முடியாமல் பல்லுக்கு நடுவே கடித்த விசில். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை.

"கெரண்டை இழுத்திருச்சு" என்றார் விசிலோடு. "ஆனா நான் கால ஊணல."

உயிரோடு பார்த்த நிம்மதியும் கோபமும் சேர்ந்து எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி பைத்தியக்காரி! கால ஊணுட்டி! மண்டபம் எங்கயும் ஓடிறாது, ஒன் காலுதான் போயிரும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. எங்கள் பக்கத்தில் மகளையோ தங்கச்சியையோ கூடப் படித்தவளையோதான் ஏட்டி என்று கூப்பிடலாம். மாப்பிள்ளையைப் பெற்றவளைக் கூப்பிட்டால், அடுத்த நாளே நிச்சயத் தாம்பூலம் திரும்பி வந்துவிடும். என் மகளின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

சம்பந்தி விசிலைத் துப்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இப்ப நடந்தா வந்தீங்க?"

"ஆமா."

"அப்ப மொதல்ல கால ஊணுனது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, மெதுவாகத் தன் காலைத் தரையில் வைத்து, அப்படியே "ஐயோ" என்று சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அவர் கால்விரல்களை வளைத்துப் பிடித்து, கெண்டைக்காலை உருவிவிட்டேன். "வாய் தவறி வந்துருச்சு மதினி, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு குட்டிக்கானம் போய்ச் சேருகிறவரையிலும் பேசவில்லை. அந்தத் தூரத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மழை நனைத்தது எனக்குத் தெரியவே இல்லை.

டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

"எங்க அம்மா போயிப் பதினோரு வருசம் ஆச்சு. அதுக்குப் பொறவு என்னைய யாரும் ஏட்டின்னு கூப்பிட்டதில்ல. பள்ளிக்கூடத்துல டீச்சர், வீட்டுல அம்மா, பேங்குல மேடம். எங்க வீட்டுக்காரருகூட டீச்சர்னுதான் கூப்பிடுதாரு." மூக்கை உறிஞ்சினார். "மேல இருந்து அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வலியே செத்த நேரம் தெரியல. இன்னொருக்காக் கூப்பிடு."

கூப்பிடுங்க என்று சொல்லவில்லை, கூப்பிடு என்றாள். எனக்கும் இனி அவர் இவர் என்று எழுத வரவில்லை. வேண்டாத நேரத்தில் எல்லாம் முந்திக்கொண்டு வருகிற வாய், அப்போது பார்த்து அடைத்துக்கொண்டது. ஒரு வழியாக, "டீயக் குடிட்டி, ஆறுது" என்றேன். அவள் சிரித்ததில் பாதி டீ மேலே கொட்டியது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். "அம்மா, சண்டை கிண்டை போடலையே?" என்று ஆரம்பித்தாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சம்பந்தி குரல் கொடுத்தாள். "யாருட்டி அது, நம்ம புள்ளையா?"

 "அம்மா... அவிய ஒன்னைய ஏட்டின்னா சொல்லுதாவ?" என்றாள் மெதுவாக.

"நான்தான் மொதல்ல சொன்னேன்" என்றேன்.

"போச்சு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மழையில் பாதி கேட்கும், பாதி கேட்காது. நடந்ததை அவளுக்குப் புரியவைக்க நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அழுகை மெல்ல அடங்கியது.

"அப்ப மண்டபம்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

"எனக்காகவாம்மா விட்டுக் குடுத்த?"

"விட்டெல்லாம் குடுக்கல. நான்தான் மொதல்ல கால ஊணுனேன். தோத்துட்டேன்" என்றேன். தோற்றுப்போனதை இத்தனை சந்தோஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.