கடலுக்குள் நம்ம ஆள் இருக்கா?

போன செவ்வாய்க்கிழமை காலை. ஒரு கையில் காபி டம்ளர், இன்னொரு கையில் டிவி ரிமோட். ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். காரணம் — வீட்டில் நான் மட்டும்தான். என் மனைவி சரசு, சூரமங்கலத்தில் எங்கள் தெரு மகளிர் குழுவோடு பஸ் பிடித்துத் திருச்செந்தூர் போயிருந்தார்.

பத்தரைக்கு அவரிடமிருந்து போன். "ஏனுங்க, எல்லாரும் கடல்ல குளிக்கப் போறோம். மாவு ஃபிரிட்ஜுல இருக்குது, தோசை ஊத்திக்குங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு டிவியின் அடியில் சிவப்பு எழுத்து ஓடியது. அந்தமானுக்கு அப்பால் கடலுக்கு அடியில் நிலநடுக்கம்...

காபி அப்படியே நின்றுவிட்டது. அங்கே எழும் அலை நம் கரைக்கு வர மணிக்கணக்காகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால், பெண்டாட்டி கடலுக்குள் நிற்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? போன் போட்டேன். மணி அடித்தது... எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

கோயில் டூர் போனவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். கடலில் இறங்கும் முன் எல்லோருடைய செயின், மோதிரம், போன் எல்லாம் ஒரே கட்டைப்பைக்குள் போய்விடும். முட்டிவலிக்காரர் ஒருவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே எது அடித்தாலும் எடுக்க மாட்டார். யாருடைய போன் என்று அவர் எங்கே தேடுவார்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடலுக்கு நம்ம ஆள் இருக்கிறாளே!

என் தங்கை மகள் கவிதா. சுனாமி வருமா வராதா என்று கண்காணிக்கும் மையத்தில் இன்ஜினியர். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அவள் வேலையைப் பற்றி விளக்கினாள். கடலின் தரையில் சென்சார்களை உட்கார வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தை அவை அளந்துகொண்டே இருக்கும். சுனாமி அலை மேலே கடந்தால் அந்த அழுத்தம் துளி மாறும். உடனே ஒலியாக மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும், அது இவர்களுக்குச் சொல்லும். பூமி ஆடினால் மட்டும் போதாதாம். தண்ணீர் கிளம்பியதா என்பதுதான் கேள்வியாம்.

அவள் அப்பா செங்கோடன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். கவனமாகக் கேட்டுவிட்டு, "கேசிங் பைப்பு எத்தனை அடி சாமி எறக்கியிருக்கீங்க?" என்றார். குழியே இல்லை, சும்மா தரையில் உட்கார்ந்திருக்கிறது என்றதும் அவருக்கு அந்தத் திட்டத்தின் மீதிருந்த மரியாதையே போய்விட்டது.

சரி, கவிதாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஒன்பது தடவை அடித்தேன். பிறகு செங்கோடனுக்கு.

"மாப்பிள்ளை, சரசு கடல்ல நிக்கிறா. உங்க பொண்ணு போனே எடுக்க மாட்டேங்கறா."

"இருங்க மச்சான், பதறாதீங்க. அவ ஆபீஸுல டிரைவரா நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கறான். கேட்டுச் சொல்றனுங்க."

ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார். "பையன் கேன்டீன்ல டீ குடிச்சுட்டு இருக்கறானாம் மச்சான். ஆபத்துன்னா குடிப்பானுங்களா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த டீயில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

மீதி உயிர் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. சரசு. "குளிச்சு முடிச்சு சாமி கும்புடப் போறோமுங்க. எதுக்கு இத்தனை போனு? கேஸை அணைக்க மறந்துட்டீங்களா?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாவு புளித்துவிட்டது என்று எதையோ உளறி வைத்தேன்.

மத்தியானம் கவிதா கூப்பிட்டாள். "மாமா, வேலை நேரத்துல போன் எடுக்க முடியாதுங்க. சென்சார்ல தண்ணி அசையவே இல்லை. ஆபத்தில்லைன்னு பதினொன்னேகாலுக்கே வெப்சைட்ல போட்டுட்டோமே, பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை. கையில்தான் போன் இருந்தது. ஒரு தடவை தட்டியிருந்தால் போதும். தோன்றவே இல்லை.

"நீ சொன்னா ஒரு தெம்பு சாமி" என்று சமாளித்தேன்.

"உங்களுக்குன்னு தனியா ஒரு கடல் இல்லீங்க மாமா. எல்லாருக்கும் சொன்னதுதான் உங்களுக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியா, ஆர்டிஓ ஆபீஸா, ஸ்கூல் அட்மிஷனா — நாம் முதலில் கேட்பது என்ன? அங்கே நம்ம ஆள் யாராவது இருக்காங்களா? போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருந்தாலும், நம்ம ஆள் வாயால் சொன்னால்தான் நமக்கு அது உண்மை. முகம் தெரியாத யார் யாரோ, நம் பெயர்கூடத் தெரியாமல், நமக்காகக் கடலின் அடித்தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் நம்ம ஆள்தானே? அன்று கடற்கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தங்கை மகளா அங்கே வேலை செய்கிறாள்?

புதன்கிழமை காலை சரசு ஊர் திரும்பினார். தெருவே ஒரு மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தது. என் பத்தொன்பது மிஸ்டு காலையும் பஸ் முழுக்கக் காட்டியிருக்கிறார். இன்னும் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டாராம்.

கடலடியில் அன்று எதுவும் அசையவில்லை. சூரமங்கலத்தில் ஒருவன் ஆடிப்போனது மட்டும் சரசுவின் போனில் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறது.